எக்ஸ்ரே கிளியர், ஆனால் படி ஏறினால் மூச்சு வாங்குது (சிடி4 78)

கொட்டாஞ்சேனையான்
மே 6, இரவு 9.40

சித்தப்பா மகனுக்காகக் கேட்கிறேன். 34 வயது, 52 கிலோ. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து இரண்டு மாதம். சிடி4 (எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை) 78. மருந்து தொடங்கச் சொல்லியும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். இப்போது மூன்று கிழமையாக வறட்டு இருமல், பின்னேரம் ஆனால் காய்ச்சல், ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குது. தனியார் இடமொன்றில் எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சு கிளியர் என்று சொல்லி லெவோஃப்ளொக்சசின் ஐந்து நாளைக்கு எழுதித் தந்தார்கள். எச்.ஐ.வி. விஷயத்தை அங்கே நாங்கள் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் நிமோனியா இல்லை என்றுதானே அர்த்தம்? குளிசை முடிந்தும் இருமல் நிற்காவிட்டால் காட்டினால் போதும்தானே?

மார்பு மருத்துவர்
மே 6, இரவு 10.15

போதாது தம்பி. சிடி4 200க்குக் கீழே இருக்கும் ஒருவருக்கு வறட்டு இருமலும் காய்ச்சலும் கிழமைக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும் இளைப்பும் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது நியூமோசிஸ்டிஸ் என்ற பங்கசால் (பூஞ்சையால்) வரும் நிமோனியா. நாங்கள் பி.சி.பி. என்போம். அதன் ஆரம்பத்தில் எக்ஸ்ரே சாதாரணமாகவே தெரியலாம். அபூர்வமான சங்கதி அல்ல, அடிக்கடி காண்பது. ஆகவே கிளியரான எக்ஸ்ரேயை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விரலில் மாட்டும் ஒக்சிமீட்டர் இருக்கிறதா? கோவிட் நேரம் வாங்கியது பல வீட்டில் கிடக்கும். ஆளை ஐந்து நிமிடம் சும்மா இருத்துங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள், நகப்பூச்சு இருக்கக்கூடாது. மாட்டியதும் வரும் முதல் எண்ணை எடுக்காமல் அரை நிமிடம் ஆடாமல் நிற்கும் எண்ணைக் குறியுங்கள். அது 93க்குக் கீழே என்றால் மேற்கொண்டு சோதிக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. 93 அல்லது மேலே என்றால், கதிரையில் இருந்து எழும்பி இருப்பதை ஒரு நிமிடம் விடாமல் செய்யச் சொல்லுங்கள். ஒக்சிமீட்டர் விரலிலேயே இருக்கட்டும். முடித்த கையோடும் அடுத்த ஒரு நிமிடமும் பாருங்கள். 3 புள்ளிக்கு மேல் விழுந்தாலோ 90க்குக் கீழே போனாலோ நுரையீரல் காற்றை இரத்தத்துக்கு மாற்றத் திணறுகிறது என்று பொருள். இடையில் தலைசுற்றினால் உடனே நிறுத்துங்கள்.

மார்பு மருத்துவர்
மே 6, இரவு 10.50

மேலே எழுதியதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். எண் விழவில்லை என்பதற்காகப் பி.சி.பி. இல்லை என்று முடிவுகட்ட முடியாது. விழுந்தால் அவசரம், விழாவிட்டால் நாளைக் காலை காட்ட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்தது, கறுத்த தோலில் ஒக்சிமீட்டர் உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும். எங்களில் பலருக்கு 94 என்று காட்டும்போது உண்மை அதைவிடக் குறைவாக இருக்கலாம். விளிம்பில் நிற்கும் எண்ணை நல்ல எண் என்று எடுக்காதீர்கள்.

லெவோஃப்ளொக்சசின் பற்றி நாளை எழுதுகிறேன். அதுவும் ஒரு பெரிய சிக்கல்.

கொட்டாஞ்சேனையான்
மே 7, காலை 6.30

இருக்கும்போது 95. எழும்பி இருந்த பிறகு 87. திரும்ப 93க்கு வர நாலு நிமிடம் சென்றது.

மார்பு மருத்துவர்
மே 7, காலை 6.42

இன்றைக்கே அட்மிட் ஆக வேண்டும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. கூட்டிக்கொண்டு வரும் ஊழியருக்கும் அவசரப் பிரிவு டொக்டருக்கும் முதல் வசனத்திலேயே எச்.ஐ.வி., சிடி4 78, மருந்து தொடங்கவில்லை என்று சொல்லுங்கள். அது தெரியாமல் பார்க்கிறவர் சாதாரண நிமோனியாவுக்கான மருந்தைக் கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்ப்பார். அந்த நாட்கள் இவருக்கு இல்லை. பாலியல் நோய்க் கிளினிக் அட்டையையும் இரத்த அறிக்கையையும் எக்ஸ்ரேயையும் லெவோஃப்ளொக்சசின் பெட்டியையும் கொண்டுபோங்கள். உறவினர் முன்னால் சொல்லத் தயங்கினால் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உரிமை.

ஆய்வுகூட அண்ணன்
மே 7, மாலை 5.20

அங்கே என்ன மாதிரி எடுப்பார்கள் என்று தெரிந்திருந்தால் பதட்டம் குறையும், அதனால் எழுதுகிறேன்.

பி.சி.பி. கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறை எங்கள் ஆய்வுகூடங்களில் இல்லை. சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் தேடுவோம், அல்லது பி.சி.ஆர். செய்வோம். இருமல் வறண்டது என்பதால் தானாகச் சளி வராது. 3 வீத உப்புக் கரைசலை நெபுலைசரில் இழுக்க வைத்துச் சளியை வரவழைப்பார்கள். அதற்கு முன் பல்தேய்த்து வெறும் தண்ணீரால் நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வாய் அழுக்கும் வெண்படலமும் கலந்து வந்தால் பார்ப்பது கஷ்டம். உப்புக் கரைசல் மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பதால் முதலில் அதை விரிக்கும் சல்பியூட்டமோல் கொடுப்பது வழக்கம். காசநோயும் இருக்கலாம் என்ற எண்ணத்தோடு காற்றோட்டமான தனி இடத்தில்தான் செய்ய வேண்டும், பொது வாட்டின் நடுவில் கூடாது.

இப்படி எடுத்த சளியில் கிடைக்காவிட்டால் புரொங்கோஸ்கோபியில், அதாவது மூச்சுக்குழாய்க்குள் கமராக் குழாய் விட்டு, கழுவி எடுத்த நீரில் பார்ப்பது மிக நம்பகமானது, பத்தில் ஒன்பதுக்கு மேல் பிடித்துவிடும். ஆனால் ஒட்சிசன் குறைந்த ஆளுக்குக் குழாய் விடுவது ஆபத்து. அதனால் பல வேளை சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்குவார்கள். அதில் தப்பில்லை. மருந்து தொடங்கிப் பல நாள் ஆன பிறகும் கிருமியின் உறைகள் மாதிரியில் தெரியும், பிறகு எடுத்தும் உறுதிப்படுத்தலாம்.

பி.சி.ஆர். பொசிட்டிவ் என்று வந்தால் மட்டும் நோய் என்று எடுக்க முடியாது. நோயில்லாமல் கிருமி தங்கியிருப்பவருக்கும் பொசிட்டிவ் வரும். இரத்தத்தில் பீட்டா டி குளுக்கன் (பங்கசின் சுவரில் இருக்கும் பொருள்) நெகட்டிவ் என்றால் பி.சி.பி. இருக்கும் சாத்தியம் மிகக் குறைவு. எல்.டி.எச். என்ற நொதி இரத்தத்தில் கூடியிருப்பது ஒத்துவரும் அடையாளம், ஆனால் வேறு பல நோயிலும் கூடும்.

மார்பு மருத்துவர்
மே 7, இரவு 9.30

லெவோஃப்ளொக்சசின் விஷயம். அந்த வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடிக்கும். நாலைந்து நாள் குடித்தால் காய்ச்சல் இறங்கும், இருமல் தணியும், சளியில் கிருமி குறைந்து சோதனை நெகட்டிவ் ஆகும். நல்லாகிவிட்டது என்று வீட்டுக்குப் போனவர் ஒரு மாதம் கழித்து இன்னும் மோசமாக வருவார். ஒற்றை மருந்தாக அடிபட்ட கிருமி அந்த மருந்துக்குப் பழகியும் போகலாம். பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு எங்களிடம் இருக்கும் முக்கியமான ஆயுதம் அதுதான். சந்தேகம் இருக்கும் ஆளுக்குச் சளி எடுக்காமல் எழுதக்கூடாத மருந்து. இந்த இழையை வாசிக்கும் ஜி.பி.மார் யாராவது இருந்தால் தயவுசெய்து மனதில் வையுங்கள்: மூன்று கிழமை இருமல், எடை குறைவு என்றால் முதலில் சளி.

எச்.ஐ.வி. உள்ளவரின் காசநோய் பாடப்புத்தகப் படத்தைப் போல் இருக்காது. மேல்பகுதியில் குழி விழுவது சிடி4 நல்லா இருப்பவரில். 78 என்றால் கீழ்ப்பகுதியில் வரலாம், நெஞ்சுக்கூட்டின் நடுவில் நெறி கட்டலாம், நீர் கோக்கலாம், தினை விதைத்ததுபோல் எங்கும் பரவலாம், எக்ஸ்ரே வெறுமையாகவும் இருக்கலாம். பி.சி.பி.யில் நீர் கோப்பதும் நெறி பெருப்பதும் வழக்கமில்லை. அவை தெரிந்தால் வேறு நோயைத் தேட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருப்பதும் நடக்கும்.

கொட்டாஞ்சேனையான்
மே 8, இரவு 8.05

அட்மிட் ஆகிவிட்டது. கையில் நாடியில் குத்தி எடுத்த இரத்தத்தில் ஒட்சிசன் 58 என்றார்கள். சி.டி. ஸ்கானில் இரண்டு பக்கமும் மங்கல் கண்ணாடி மாதிரி இருக்காம். நேற்று இரவே ஊசிமருந்து தொடங்கிவிட்டார்கள், கோட்ரைமொக்சசோல். இன்னும் இரண்டு நாளில் குளிசைக்கு மாற்றினால் ஒருநாளைக்கு 12 குளிசை வரும் என்று நேர்ஸ் சொன்னார். பெட்டியில் போட்டிருப்பது இரண்டு வேளைக்கு இரண்டு இரண்டு. பன்னிரண்டு பிழை இல்லையா? கூடவே ஸ்டீரோய்ட் வேறு. எதிர்ப்புச் சக்தி இல்லாதவனுக்கு ஸ்டீரோய்ட் கொடுக்கலாமா?

பார்மசி அக்கா
மே 8, இரவு 9.10

பிழை இல்லை தம்பி, கணக்குச் சரி. பெட்டியில் இருப்பது சாதாரண தொற்றுக்கான அளவு. பி.சி.பி.க்கு ட்ரைமெத்தோபிரிம் பங்கை மட்டும் எடுத்து எடைக்குக் கணக்குப் போடுவோம்: கிலோவுக்கு ஒருநாளைக்கு 15 முதல் 20 மி.கி. 52 கிலோவுக்கு 780 முதல் 1040 மி.கி. ஒரு 480 மி.கி. குளிசையில் ட்ரைமெத்தோபிரிம் 80 மி.கி. தான், மிச்சம் 400 சல்ஃபா. நாலு குளிசை மூன்று வேளை என்றால் 960 மி.கி., வரம்புக்குள் நிற்கிறது. 960 மி.கி. குளிசையாகக் கிடைத்தால் இரண்டு மூன்று வேளை. மொத்தம் 21 நாள். இடையில் நல்லாக இருக்கிறது என்று குறைக்கக்கூடாது. சிறுநீரகம் பழுதென்றால் மட்டும் டொக்டர் குறைப்பார்.

ஊசியாக ஏற்றும்போது ஒரு வேளைக்கு நாலு அம்பியூல், ஒவ்வொரு 5 மில்லி அம்பியூலுக்கும் 125 மில்லி 5 வீதக் குளுக்கோஸ், அதாவது 500 மில்லி. கலக்கி ஆறு மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். பிந்தினால் மருந்து படிந்து துகள் தெரியும், தெரிந்தால் வீசிவிட வேண்டும். மூன்று வேளைக்கு ஒன்றரை லீட்டர் தண்ணீர் உடம்புக்குள் போகிறது. நுரையீரல் ஏற்கனவே நனைந்திருக்கும் ஆளுக்கு அது சுமை. அதனால்தான் வாயால் குடிக்க முடிந்ததும் குளிசைக்கு மாற்றப் பார்ப்பார்கள். இந்த மருந்து குடலில் நன்றாக உறிஞ்சும், குளிசை என்றால் தரம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, மறந்துவிடாதீர்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் செவ்விளநீரோடு போவார்கள். இந்த 21 நாளும் வேண்டாம். ட்ரைமெத்தோபிரிம் சிறுநீரில் பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கும், இந்த அளவில் நாலாம் ஐந்தாம் நாளில் இருந்து இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். இளநீர் பொட்டாசியம் நிறைந்தது. வாழைப்பழமும் அளவோடு. பிரஷருக்கு லொசார்டன், எனலபிரில் மாதிரி ஏதாவது குடிக்கிறவர் என்றால் வாட்டில் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மார்பு மருத்துவர்
மே 8, இரவு 9.55

ஸ்டீரோய்ட் கேள்வி நியாயமானது. நாடி இரத்தத்தில் ஒட்சிசன் அழுத்தம் (ஒக்சிமீட்டர் காட்டும் வீதம் அல்ல) 70 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே என்றால் கொடுக்க வேண்டும், இவருக்கு 58. மருந்து கிருமியைக் கொல்லத் தொடங்கியதும் செத்த கிருமியின் துண்டுகளுக்கு எதிராக நுரையீரல் வீங்கும். அந்த வீக்கத்தில் ஆளை இழந்துவிடக்கூடும். ஸ்டீரோய்ட் அதைத் தணித்து உயிர் காக்கிறது. மருந்தோடு ஒன்றாக, பிந்தினால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும்.

அளவு: பிரெட்னிசோலோன் 40 மி.கி. காலையும் மாலையும் ஐந்து நாள், பிறகு 40 மி.கி. ஒருவேளை ஐந்து நாள், பிறகு 20 மி.கி. ஒருவேளை பதினொரு நாள். கோட்ரைமொக்சசோலோடு சேர்ந்தே 21இல் முடியும். ஸ்டீரோய்டில் சீனி ஏறும், வீட்டில் நீரிழிவு வரலாறு உண்டென்றால் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

பார்மசி அக்கா
மே 8, இரவு 10.20

5 மி.கி. குளிசையாகத் தந்தால் முழு வரிசைக்கும் 164 குளிசை. வீட்டுக்கு விடும்போது மிச்சத்தை எண்ணி வாங்குங்கள். படி இறங்கும் திகதிகளை நாட்காட்டியில் பேனையால் குறித்து வையுங்கள். உறையில் எழுதித் தருவது இரண்டு நாளில் அழிந்துவிடும்.

கொட்டாஞ்சேனையான்
மே 11, பிற்பகல் 2.30

நாலு நாள் ஆகிறது. மோசமாகிக்கொண்டு போகிறது. ஒட்சிசனை 4 லீட்டரில் இருந்து 6க்குக் கூட்டிவிட்டார்கள். மருந்து வேலை செய்யவில்லையா? வேறு மருந்து மாற்றச் சொல்லிக் கேட்கவா? வாயில் வெள்ளை படிந்ததற்கு ஃபுளுக்கனசோலும் போகிறது. இதுவும் பங்கசு என்றால் அந்த மருந்து இதையும் பிடிக்காதா?

மார்பு மருத்துவர்
மே 11, பிற்பகல் 3.15

முதல் மூன்று முதல் ஐந்து நாள் கீழே போய்விட்டுத்தான் ஏறும். ஸ்டீரோய்ட் கொடுத்தாலும் ஓரளவு நடக்கும். நாலு முதல் எட்டு நாள் பார்க்காமல் மருந்து தோற்றுவிட்டது என்று சொல்வதில்லை. அவசரப்பட்டு மாற்றினால் இருப்பதிலேயே நல்ல மருந்தைக் கைவிட்டு இரண்டாம் தர மருந்துக்குப் போவோம். ஆனால் வாட்டில் மூன்றைக் கேளுங்கள்: நேற்றும் இன்றும் எக்ஸ்ரே எடுத்தார்களா, உடம்பில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, வேறு கிருமி சேர்ந்திருக்கிறதா. பி.சி.பி.யில் நுரையீரல் கிழிந்து காற்று கசியும். ஒரு பக்கம் திடீரென்று குத்தி மூச்சு அடைத்தால் அந்த நிமிடமே நேர்ஸைக் கூப்பிட வேண்டும், காலை ரவுண்ட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

ஃபுளுக்கனசோல் பிடிக்காது. அந்த வகை மருந்துகள் பங்கசின் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெரோலைக் குறிவைக்கும். நியூமோசிஸ்டிஸ் பங்கசுதான், ஆனால் அதன் சவ்வில் எர்கோஸ்டெரோல் இல்லை. வாயில் வெண்படலம் கண்டபோதே பி.சி.பி. தடுப்பு மருந்தைத் தொடங்கியிருக்க வேண்டும், சிடி4 எவ்வளவு என்று தெரியாத ஆளுக்குக்கூட. வாயைத் திறந்து பார்க்க ஒரு டோர்ச் போதும். இதை எத்தனை இடத்தில் செய்யாமல் விடுகிறார்கள் என்பது எனக்குத் தாங்கமுடியாத வருத்தம்.

ஆய்வுகூட அண்ணன்
மே 11, இரவு 7.40

இவருக்குக் காசநோய்ச் சோதனை போனதா? கிருமியின் மரபணுவைத் தேடும் எக்ஸ்பேர்ட் அல்ட்ராவுக்கு 3 முதல் 5 மில்லி சளி வேண்டும், காலையில் எழும்பியதும் எடுத்தது நல்லது, எச்சில் வேண்டாம். சிடி4 இவ்வளவு குறைந்தவருக்குச் சிறுநீரிலும் பார்க்கலாம். காசநோய்க் கிருமியின் சுவர்ப் பொருளைத் தேடும் எல்.ஏ.எம். பட்டியில் 60 மைக்ரோலீட்டர் சிறுநீர் விட்டு 25 நிமிடத்தில் வாசிப்பது. சளியே வராத ஆளில் இது கைகொடுக்கும். நெகட்டிவ் என்றால் காசநோய் இல்லை என்று எடுக்க முடியாது, பொசிட்டிவ் என்றால் சிகிச்சை தொடங்கலாம். அட்மிட் ஆகும் ஒவ்வொரு எச்.ஐ.வி. நோயாளிக்கும் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

கிரிப்டோகொக்கஸ் அன்டிஜென் இரத்தச் சோதனையும். சிடி4 100க்குக் கீழே, எச்.ஐ.வி. மருந்து தொடங்குமுன். நுரையீரலில் இருந்து மூளைக்குப் போகும் பங்கசு அது. பொசிட்டிவ் என்றால் தலைவலி இல்லாவிட்டாலும் முதுகில் நீர் எடுத்துப் பார்ப்பார்கள்.

கொட்டாஞ்சேனையான்
மே 14, காலை 9.00

ஒட்சிசன் 2 லீட்டருக்கு இறங்கிவிட்டது. நேற்று முழுக் காய்ச்சல் இல்லை. காசநோயும் கிரிப்டோவும் நெகட்டிவ். சளியில் நியூமோசிஸ்டிஸ் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மார்பு மருத்துவர்
மே 14, காலை 9.20

நல்ல செய்தி. இனிப் பத்தாம் நாளைக் கவனியுங்கள், சல்ஃபாவில் தோல் பொரிவது அந்த நேரம்தான்.

கொட்டாஞ்சேனையான்
மே 16, இரவு 8.45

சொன்ன மாதிரியே. நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருக்கிறது, சொறிகிறான், 99 காய்ச்சல். நிறுத்தச் சொல்லவா?

பார்மசி அக்கா
மே 16, இரவு 9.05

நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் இன்றிரவே காட்டுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சல்ஃபாவில் இப்படிப் பொரிவது மற்றவர்களைவிட மிக அதிகம், பெரும்பாலும் எட்டாம் முதல் பன்னிரண்டாம் நாளுக்குள். வெறும் சொறியும் பொரிவும் என்றால் அலர்ஜிக் குளிசை கொடுத்து மருந்தைத் தொடரப் பார்ப்பார்கள், பலருக்குத் தானே அடங்கும்.

நிறுத்தியே ஆக வேண்டிய அடையாளங்கள் வேறு: வாய்க்குள், உதட்டில், கண்ணில், பிறப்புறுப்பில் புண், தோல் கொப்பளித்து உரிவது, தொட்டால் எரிவு, முகம் வீங்குவது. அதில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வேளைக் குளிசை வேண்டாம், உடனே டொக்டர். அப்படி வந்தவருக்கு வாழ்நாளில் திரும்ப அந்த மருந்து கொடுக்கக்கூடாது, அட்டையில் சிவப்பால் எழுதிவைக்க வேண்டும்.

மாற்ற நேர்ந்தால் கிளிண்டமைசினும் பிரைமாகுவினும். பிரைமாகுவினுக்கு முன் ஜி6பி.டி. பார்க்க வேண்டும், அந்த நொதி குறைந்தவருக்கு இரத்தம் உடையும்.

மார்பு மருத்துவர்
மே 16, இரவு 9.40

அக்கா சொன்னதோடு ஒன்று. பிரைமாகுவினோ, இன்னொரு மாற்று மருந்தான டாப்சோனோ குடிக்கும் ஆளின் ஒக்சிமீட்டர் 85 வாக்கில் போய் நின்று, ஒட்சிசனைக் கூட்டியும் அசையாமல் இருந்தால், நுரையீரலை மட்டும் சந்தேகிக்க வேண்டாம். மெத்தீமோகுளோபின், அதாவது ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் மாறிய ஹீமோகுளோபின், ஏறியிருக்கலாம். எடுத்த இரத்தம் சொக்கலேட் நிறமாக இருக்கும். நாடி இரத்தத்தில் அளந்தால் தெரிந்துவிடும்.

கொட்டாஞ்சேனையான்
மே 19, மாலை 6.10

பொரிவு அடங்கிவிட்டது, மருந்தை நிறுத்தவில்லை. இன்று பாலியல் நோய்க் கிளினிக்கில் இருந்து டொக்டர் வாட்டுக்கே வந்து எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கலாம் என்கிறார். ஒரு நோயே இன்னும் மாறவில்லை, அதற்குள் அடுத்ததா? வீட்டில் எல்லாரும் பயப்படுகிறார்கள்.

மார்பு மருத்துவர்
மே 19, இரவு 8.30

தொடங்கட்டும். பி.சி.பி. சிகிச்சை தொடங்கி இரண்டு கிழமைக்குள் எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கினவர்களில் அடுத்த நோயும் மரணமும் குறைவு என்பது நன்றாக ஆராய்ந்து கண்டது. பிந்துவதில் லாபம் இருப்பது மூளைக்காய்ச்சலில்தான், காசநோயாலோ கிரிப்டோவாலோ வந்தால் சில கிழமை தள்ளுவோம். இவருக்கு இரண்டும் இல்லை.

வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள்: எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது, பெரும்பாலும் முதல் சில கிழமைகளில், காய்ச்சலும் இருமலும் திரும்பத் தலைகாட்டலாம். ஒளிந்திருந்த கிருமியை உடம்பு புதிதாகக் கண்டு சண்டை பிடிப்பது அது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பவர்களைத்தான் நாங்கள் இழக்கிறோம். குளிசையை விடாமல் கிளினிக்குக்கு வர வேண்டும்.

பார்மசி அக்கா
மே 19, இரவு 9.00

டொலுடெகிரவிர் கலந்த குளிசைதான் தருவார்கள், ஒருநாளைக்கு ஒன்று. சத்துக் குளிசை, கல்சியம், இரும்பு, நெஞ்செரிவுக்குக் குடிக்கும் வெள்ளைப் பாணி இவை மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எச்.ஐ.வி. குளிசை குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்து அவற்றைக் குடிக்கலாம், அல்லது அவை குடித்து ஆறு மணித்தியாலம் கழித்து இது. சொந்தக்காரர் அன்பாக வாங்கிவரும் விற்றமின் போத்தலை எல்லாம் டொக்டரிடம் காட்டுங்கள்.

கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினால் வீட்டில் பதற வேண்டாம். டொலுடெகிரவிரும் ட்ரைமெத்தோபிரிமும் இரண்டுமே சிறுநீரகத்துக்குச் சேதமில்லாமல் அந்த எண்ணைக் கூட்டிக் காட்டும். தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால்தான் பிரச்சினை, அதற்காகத்தான் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார்கள்.

வத்தளை வாசகி
மே 23, காலை 11.15

இந்த இழையை முழுக்க வாசித்தேன். என் கணவர் டொலுடெகிரவிர் குளிசையில் இருக்கிறார், போன கிழமை காசநோய் உறுதியானது, மார்புநோய்க் கிளினிக்கில் சிகிச்சை தொடங்கியாச்சு. அங்கே எச்.ஐ.வி. மருந்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஏதாவது மாற்ற வேணுமா? அவருக்குச் சீனி வருத்தமும் இருக்கு, மெட்ஃபோமின் காலையும் இரவும் ஒரு கிராம்.

மார்பு மருத்துவர்
மே 23, பிற்பகல் 1.00

மாற்ற வேண்டும், இந்தக் கிழமைக்குள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் டொலுடெகிரவிரைக் கல்லீரலில் வேகமாக அழித்துவிடும். வழக்கமான குளிசையோடு, 12 மணித்தியாலம் கழித்து டொலுடெகிரவிர் 50 மி.கி. தனியாக ஒன்று சேர்க்க வேண்டும். காசநோய்ச் சிகிச்சை முடியும் வரைக்கும், முடிந்து மேலும் இரண்டு கிழமைக்கும். அந்த இரண்டு கிழமையைப் பலர் விட்டுவிடுவார்கள். ரிஃபாம்பிசினின் தாக்கம் நிறுத்திய அன்றே போவதில்லை.

இரண்டு கிளினிக்குக்கும் ஒன்றையொன்று தெரியாமல் இருப்பதுதான் இங்கே ஓட்டை. இரண்டு இடத்து மருந்துப் பட்டியலையும் ஒரே கொப்பியில் எழுதி இரண்டு இடத்திலும் காட்டுங்கள் தங்கச்சி. வீட்டில் யன்னலைத் திறந்து வையுங்கள். நீங்களும் பிள்ளைகளும் இருமல் இல்லாவிட்டாலும் மார்புநோய்க் கிளினிக்கில் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

பார்மசி அக்கா
மே 23, பிற்பகல் 1.30

மெட்ஃபோமினையும் சொல்லுங்கள். டொலுடெகிரவிர் உடம்பில் மெட்ஃபோமினைக் கூட்டிவிடும், நாளொன்றுக்கு மொத்தம் ஒரு கிராமுக்கு மேல் போவது பொதுவாக விரும்பத்தக்கது அல்ல. இவர் இரண்டு கிராம் குடிக்கிறார். நீங்களாகக் குறைக்காமல் டொக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள், காசநோய்க்காலத்தில் சீனி கட்டுக்குள் இருப்பது முக்கியம். இன்னொரு காசநோய் மருந்தான ஐசோனியசிட்டோடு பி6 குளிசை தந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கால் விறைப்பு வராமல் தடுக்க அது வேண்டும், சீனி உள்ளவருக்குக் கட்டாயம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை.

ஆய்வுகூட அண்ணன்
மே 24, இரவு 10.05

சீனி வருத்தம் என்றதும் எழுதத் தோன்றுகிறது. தலைப்பில் இருந்து விலகினாலும் பரவாயில்லை. இலங்கையில் மழைக்காலத்தில் சீனி உள்ளவருக்குக் காய்ச்சலோடு நுரையீரல் பழுதானால் மெலியொய்டோசிசையும் நினைக்க வேண்டும். மண்ணிலும் வயல் தண்ணீரிலும் இருக்கும் கிருமி. எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரியே தெரியும், காசநோய் மருந்துக்கு அசையாது. இரத்தத்தை வளர்ப்புக்கு அனுப்பும்போது படிவத்தில் அந்தச் சந்தேகத்தை எழுதினால் பெரிய உதவி. எழுதாவிட்டால் வளர்ந்து வரும் கிருமியைச் சூடோமோனாஸ் அழுக்கு என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. ஜென்டமைசினுக்கு அடங்காமல் கோ அமொக்சிகிளேவுக்கு அடங்கும் சூடோமோனாஸ் மாதிரி ஒன்று வந்தால் நாங்கள் உஷாராகிவிடுவோம். எங்களுக்கும் பாதுகாப்பு, திறந்த மேசையில் கையாளக்கூடாத கிருமி.

மார்பு மருத்துவர்
மே 24, இரவு 10.30

சரியான இடையீடு. எச்.ஐ.வி. அதற்குப் பெரிய காரணி இல்லை, சீனிதான். சாதாரண பக்டீரியா நிமோனியாவையும் மறக்க வேண்டாம். நியூமோகொக்கஸ் எந்த சிடி4இலும் வரும், 500 இருப்பவருக்கும். அது ஓரிரு நாளில் குளிர் நடுக்கத்தோடும் மஞ்சள் சளியோடும் நெஞ்சுக் குத்தோடும் வரும், பி.சி.பி. மாதிரிக் கிழமைக்கணக்கில் ஊர்ந்து வராது. வந்த வேகத்தைக் கேட்டாலே பாதி விடை கிடைக்கும். சிகரெட்டை விடுவதும் தடுப்பூசியும் அதற்கு எதிராக உண்மையில் பயன் தரும்.

கொட்டாஞ்சேனையான்
மே 28, காலை 7.50

21 நாள் முடிந்தது. வீட்டுக்கு வந்துவிட்டான். இப்போது 480 மி.கி. கோட்ரைமொக்சசோல் குளிசை இரண்டு, நாளுக்கு ஒருவேளை, தடுப்புக்காகத் தொடரச் சொல்கிறார்கள். எழும்பி இருக்கும் சோதனையில் 97இல் இருந்து 95. வீட்டில் அம்மாவும் இரண்டு வயதுப் பிள்ளையும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தொற்றுமா?

மார்பு மருத்துவர்
மே 28, காலை 8.30

நியூமோசிஸ்டிசை நாங்கள் அநேகமாக எல்லாரும் சின்ன வயதிலேயே சந்தித்துவிடுகிறோம், நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்கு அது நோயாவதில்லை. தட்டு, கோப்பை பிரிக்க வேண்டாம், பிள்ளையைத் தூக்கலாம். வாட்டில்தான் இப்படியான நோயாளியையும் எதிர்ப்புச் சக்தி குறைந்த இன்னொருவரையும் ஒரே அறையில் விடக்கூடாது.

பார்மசி அக்கா
மே 28, காலை 9.15

போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் கிளினிக் இருக்காது, கைவசம் ஒரு கிழமைக் குளிசையாவது மிஞ்சும்படி திகதியைப் பார்த்துப் போங்கள். எச்.ஐ.வி. மருந்து 10ஆம் கொழும்பு டி சேரம் பிளேசிலும் மற்றப் பாலியல் நோய்க் கிளினிக்குகளிலும் இலவசம். பயண நாளில் பழைய விற்றமின் போத்தலில் போட்டுக்கொண்டு போகலாம், பெயர் தெரியாது.

கொட்டாஞ்சேனையான்
ஜூலை 30, இரவு 9.20

சிடி4 164. வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது. எடை 58. கோட்ரைமொக்சசோலை நிறுத்தலாமா என்று கேட்கிறான்.

மார்பு மருத்துவர்
ஜூலை 30, இரவு 10.00

இன்னும் வேண்டாம். பொது விதி, மருந்தோடு சிடி4 200ஐத் தாண்டி மூன்று மாதம் நிலைக்க வேண்டும். 100க்கும் 200க்கும் இடையில் இருந்தாலும் வைரஸ் மூன்று முதல் ஆறு மாதம் அடங்கியிருந்தால் நிறுத்தலாம் என்ற வழியும் உண்டு. ஆனால் ஒருமுறை ஒட்சிசன் 58 வரைக்கும் போனவருக்கு நான் 200ஐக் காத்திருப்பேன். குளிசை மலிவு, மூளையைத் தாக்கும் டொக்சோபிளாஸ்மா என்ற கிருமியில் இருந்தும் காக்கிறது. அடுத்த இரத்தம் ஒக்டோபரில் எடுப்பார்கள், அதில் 200 தாண்டினால் மூன்று மாதம் கழித்து இன்னொன்று பார்த்துவிட்டுக் கிளினிக் டொக்டர் நிறுத்துவார். நிறுத்திய பிறகு எப்போதாவது சிடி4 மீண்டும் 200க்குக் கீழே இறங்கினால் அன்றே திரும்பத் தொடங்க வேண்டும்.

பார்மசி அக்கா
ஜூலை 31, காலை 7.10

எடை 58 என்றீர்கள். தடுப்பு அளவு எடைக்கு மாறாது, அதே இரண்டு குளிசை. பொட்டாசியம் போன இரத்தத்தில் சரி என்றால் இனி இளநீர் குடிக்கலாம்.